ஒரே சைக்கிளை இரண்டு தரம் பூட்டிய கதை

உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் வந்துபோகும் ஆசிரியர் ஒருவர், ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு உவர்மலையில் என் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலுக்கு வந்தார். பெட்டிக்குள் புது பிறேம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. குரோமொலி இரும்பு, கரும்பச்சைப் பவுடர் பெயின்ற், அதே நிறத்தில் முன் போர்க். அவருடைய பழைய மவுண்டன் சைக்கிளின் கீழ்க்குழாய் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. சில்லு, கியர், பிரேக் எல்லாம் இன்னும் நல்ல நிலையில் இருந்தன.

"தம்பி, பழசைக் கழற்றிப் புதுசில பூட்டுறதுதானே. பள்ளிக்கூடம் தொடங்க முதல் தருவீங்களா?" என்றார்.

"அரை நாள் வேலை, சேர்" என்றேன்.

அந்த அரை நாளில் நான் செய்யாமல் விட்டவையும், அவற்றைச் சரிசெய்யப் பிறகு போன நாட்களும்தான் இங்கே விஷயம். பிறேம் மலிவானதல்ல, பற்றவைப்பும் ஒழுங்காகவே இருந்தது. புதுசு, மினுங்குகிறது, ஆகவே பூட்டத் தயார் என்று நினைத்தது என் பிழை.

மூன்று கிழமையில் திரும்பி வந்தது

செப்டெம்பர் கடைசியில் சேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம். குறைகளை ஒரு தாளில், வினாத்தாள் போல, வரிசையாக எழுதியிருந்தார். ஹாண்டில் நேராக இருக்கும்போது லேசாகத் திரும்புகிறது, கொஞ்சம் வளைத்தால் ஓரிடத்தில் இறுகுகிறது. உவர்மலை ஏற்றத்தில் மிதிக்கும்போது அடியில் 'டக் டக்' என்று சத்தம். நடுக் கியர்களில் செயின் ஒரு பல்லில் நிற்காமல் உரசுகிறது. பின் ரயர் வலப்பக்கக் குழாயோடு நெருங்கி ஓடுகிறது. சீற்றை வேண்டிய அளவுக்கு இறக்க முடியவில்லை.

ஐந்து குறை, ஐந்து இடம். ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கித் தளர்த்திச் சமாளித்திருக்கலாம். ஹாண்டில் இறுகினால் அது திரும்பும் குண்டுத் தொகுதியான ஹெட் செற்றைக் கொஞ்சம் தளர்த்துவது, சத்தம் வந்தால் கிறீஸ் அடிப்பது, அதுதான் நம்மூர் வழக்கம். ஆனால் இது மூன்று கிழமை ஓடிய சைக்கிள். தேய்மானம் என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி வெறும் பிறேமை மேசையில் வைத்து, நுணுக்கமாக அளக்கும் வேனியரை எடுத்தேன். ஓகஸ்டில் பெட்டியைத் திறந்த கையோடு செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஒரு பிறேம் தொழிற்சாலையில் எப்படி உருவாகிறது என்று யோசித்தால் மற்றதெல்லாம் விளங்கும். குழாய்களை வெட்டிப் பற்றவைக்கிறார்கள். சூடு ஏறிய இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கும். வட்டமாக இருந்த வாய் கொஞ்சம் முட்டை வடிவாகும், நேராக இருந்த முகம் சாயும். நல்ல தொழிற்சாலையில் அதன் பிறகு துளைகளைச் சீவி, முகங்களைச் செதுக்கி, மரைகளைத் துப்புரவாக்குவார்கள். பெயின்ற் அடிக்கும்போது அந்த இடங்களை மூடியும் வைப்பார்கள். மூடாமல் அடித்தால் சீவியது வீண். பவுடர் பெயின்ற் ஒரு பூச்சே பத்தில் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். போர்க்கின் தண்டு நுழையும் முன்குழாயான ஹெட் ரியூபில், குண்டுகளைத் தாங்கும் கோப்பை இறுகி உட்காரக் கோப்பைக்கும் துளைக்கும் இடையில் வைத்திருக்கும் அளவு வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தப் பிறேமில் எந்த இடத்தையும் மூடியதாகத் தெரியவில்லை. மரைக்குள், துளைக்குள், எங்கும் கரும்பச்சை.

நூலும் பலகையும்

முதலில் பின்பக்கம். அச்சு உட்காரும் இரண்டு கவைகளுக்கும் இடையில் 135 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். சேரின் பின் ஹப், அதாவது சில்லின் நடுப்பகுதி, அந்த அளவு. இருந்தது 132. ஓகஸ்டில் ஹப்பைக் கொஞ்சம் நெரித்து உள்ளே தள்ளியது நினைவுக்கு வந்தது. 'புது பிறேம், இறுக்கமாகத்தான் இருக்கும்' என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மொத்தத்தில் 3 மில்லிமீற்றர் குறைவு. அது எந்தப் பக்கத்தில்? இதற்கு ஒரு முழ நூல் போதும் என்று சொல்வார்கள். உண்மையில் இரண்டு மீற்றர் வேண்டும். ஒரு கவையில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் ரியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மற்றக் கவையில் இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு நூலுக்கும் சீற் ரியூபுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இடது 30.5, வலது 32க்குச் சற்றுக் கூட. சீற் ரியூபில் தெரியும் வித்தியாசத்தைவிடக் கவையில் உள்ள வித்தியாசம் பெரிது, ஏனென்றால் நூல் முன்னால் போகப்போக இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று நெருங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வலக்கவை நடுவிலிருந்து சரியான தூரத்தில்தான் இருந்தது. இடக்கவை மட்டும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் உள்ளே. இரண்டு பக்கமும் சமமாக இழுத்திருந்தால் அகலம் சரியாகியிருக்கும், சில்லு மட்டும் கோணலாகவே ஓடியிருக்கும்.

இடக்குழாயை வெளியே எடுக்கக் கருவி என்று ஒன்றும் வாங்கவில்லை. நீளப் பலகை ஒன்றைச் சீற் ரியூபில் துணி சுற்றி முட்டுக்கொடுத்து, மெல்ல நெம்பினேன். இரும்பு வில்லைப் போல. வளைத்த அளவில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதனால் நெம்பு, விடு, நூல் கட்டு, அள, மறுபடி நெம்பு. ஒன்பதாவது தரம் 135 வந்தது. இந்த வேலை இரும்புப் பிறேமுக்கு மட்டும். அலுமினியப் பிறேமில் இப்படி நெம்பினால் வெடித்துவிடும், உடனே வெடிக்காவிட்டால் ஒரு நாள் ஓடும்போது வெடிக்கும்.

கவைகள் விரிந்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று நேர்முகமாகவும் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீளப் போல்ட்டை நட்டுப் போட்டு இறுக்கி, நுனிகள் நடுவில் சந்திக்கிறதா என்று பார்த்தேன். நெம்பிய பக்கம் கொஞ்சம் தலை குனிந்திருந்தது. பெரிய ஸ்பேனரால் ஒரு திருகு, சரி.

இதற்குப் பிறகுதான் கியர் தொங்கும் காதைத் தொட வேண்டும். வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய நேரிடும், கவை அசைந்தால் காதும் அசையுமே. காதின் மரை 10 மில்லிமீற்றர் விட்டம், 1 மில்லிமீற்றர் இடைவெளி. பல பின் ஹப்புகளின் அச்சு மரையும் அதே அளவு. அதனால் கையிருப்பில் இருந்த வேறொரு பின் சில்லின் அச்சை அந்தக் காதிலேயே திருகி ஏற்றினால், சைக்கிளில் உள்ள சில்லும் காதில் தொங்கும் சில்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு ரிம்முக்கும் இடையில் மேலே, கீழே, முன்னே, பின்னே நாலு இடத்திலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். இங்கே மேலுக்கும் கீழுக்கும் இடையில் 9 மில்லிமீற்றர் வித்தியாசம். பார்சலில் எங்கோ அடி பட்டிருக்கிறது. தொங்கும் சில்லையே பிடித்து மெல்லச் சரித்து நேராக்கினேன். செயின் ஏன் உரசியது என்பதற்கு அதுவே பதில். மூன்று கிழமையாகச் சேர் கேபிளைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார், பாவம்.

ஜமாலியாவில் ஒரு பகல்

ஹாண்டில் இறுகியதுதான் எனக்கு அதிகம் தலையிடி தந்தது. ஹெட் ரியூபின் நீளத்தை நாலு பக்கமும் அளந்தேன். முன்னால் 140.1, பின்னால் 140.8, பக்கவாட்டில் இரண்டும் நூற்று நாற்பதரைக்கு அண்மையில். பின்பக்கம் பற்றவைப்பு வரும் பக்கம். பெயின்றும் அங்கே கட்டியாகத் திரண்டிருந்தது. மேல் முகமும் கீழ் முகமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லை. அதனால் இரண்டு கோப்பைகளும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. ஒரு நிலையில் குண்டுகள் சரியாக உருளும்படி வைத்தால், திருப்பும்போது ஒரு பக்கம் நெரியும். இதைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. தளர்த்தினால் மற்ற நிலையில் ஆடும்.

இதற்கென்று விற்கிற செதுக்கும் கருவியின் விலை என் கொட்டிலுக்குக் கட்டாது. ஜமாலியாவில் லேத் வைத்திருக்கும் நானாவிடம் போனேன். வள்ளங்களின் எஞ்சின் அச்சு, பம்பு இப்படித்தான் அவருக்கு நாள் முழுக்க வேலை. பிறேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை லேத்தில கட்டிச் சுத்தினா எங்கட தலையெல்லாம் போயிடும்" என்றார். பிளேன்ரீ வந்தது. அது முடிவதற்குள் வழியையும் சொல்லிவிட்டார்.

ஒரு இரும்புத் தண்டு. அதன் ஒரு பகுதி ஹெட் ரியூபின் துளைக்குள் ஆடாமல் போகும் அளவு. அதை ஒட்டித் தட்டையான வட்ட முகம் ஒன்று. இரண்டையும் லேத்தின் பிடிப்பானான சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் கடைய வேண்டும் என்பதில் நானா கண்டிப்பாக இருந்தார். ஒரே பிடியில் கடைந்தால்தான் முகம் தண்டுக்குச் செங்குத்தாக இருக்கும், கழற்றி மாட்டினால் அந்த நேர்த்தி போய்விடும். வட்ட முகத்தில் எமரி தாளை ஒட்டினோம். தண்டைத் துளைக்குள் விட்டுக் கையால் சுற்றினால் குழாயின் வாய் தேய்ந்து நேராகும். குழாயின் முகத்தில் மார்க்கரால் கறுப்பு மை பூசிவிட்டுச் சுற்ற வேண்டும். மை எங்கே போகிறதோ அங்கே மேடு, மிஞ்சுகிற இடம் பள்ளம். முதலில் பின்பக்க மை மட்டும் போனது. நாலு தாள் மாற்றிய பிறகு மேல் முகம் முழுவதும் வெள்ளி நிறமாகியது. கீழ் முகத்துக்கு இன்னும் மூன்று தாள். நாலு பக்கமும் 140.0. எமரித் தூளை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்தத் தூள் குண்டுகளுக்குள் போனால் செய்த வேலை முழுக்கக் கெட்டுவிடும்.

துளைக்குள் இருந்த பெயின்றை அதற்கு முன்பே சுரண்டிவிட்டேன், இல்லாவிட்டால் தண்டே உள்ளே போயிருக்காது. போர்க்கின் அடியில் வளையம் உட்காரும் இடத்திலும் பெயின்ற் தடித்திருந்தது. அங்கே 30 மில்லிமீற்றர் வளையம் படிந்து உட்கார வேண்டும். என் முதல் வேலையில் அது ஒரு பக்கம் தூக்கியபடி நின்றிருக்கிறது.

கோப்பைகளை ஓகஸ்டில் எப்படி இறக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரக்கட்டை, சுத்தியல். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், பல நேரம் தப்பியும் விடுகிறது. ஆனால் தட்டும்போது கோப்பை ஒரு பக்கமாக நுழையும், அது உட்காரும் துளையை முட்டை வடிவாக்கும். இந்தத் தரம் 12 மில்லிமீற்றர் மரைக் கம்பி ஒன்று, இரண்டு பக்கமும் தடித்த வாஷர், நட்டு. ஒரு நேரத்தில் ஒரு கோப்பையாகத் திருகி இழுத்தேன். முகத்துக்கும் கோப்பைக்கும் இடையில் மெல்லிய தாள்கூடப் போகாத அளவுக்குப் படிந்தது. மூன்று கிழமை நெரிந்து ஓடியதில் கீழ்க் குண்டு வளையத்தில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்ததால், அதை என் செலவில் மாற்றினேன்.

நானாவின் பெட்டியில் இரண்டு கப்

மிதி அச்சு உட்காரும் பி.பி. குழாயில்தான் 'டக் டக்' சத்தம். 68 மில்லிமீற்றர் அகலம், ஆங்கில மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கம் இடமரை என்பதைச் சைக்கிள் தொட்ட எல்லோரும் ஒரு நாள் அடிபட்டுத்தான் படிப்பார்கள். கழற்றிப் பார்த்தபோது அச்சைத் தாங்கத் திருகி ஏற்றும் வலக் கப் முழுதாக உள்ளே போகவேயில்லை, கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் வெளியே நின்றிருந்தது. பெயின்ற் அடைத்த மரையில் திருகும்போது வந்த இறுக்கத்தை நான் 'உட்கார்ந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டேன். மிதிக்கும்போது பெயின்ற் நசிந்து, கப் அசைந்து, சத்தம்.

சரியான வழி, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் இரட்டை ரப்பால், அதாவது மரை வெட்டும் கருவியால், மரையை ஓட்டி எடுப்பது. அப்படியானால்தான் இரு பக்க மரையும் ஒரே அச்சில் நிற்கும். அந்த ரப் என்னிடம் இல்லை. ஆனால் இங்கே மரை ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது, அடைத்திருப்பது பெயின்ற் மட்டும். அதற்குப் பழைய இரும்புக் கப் ஒன்றே போதும். கப்பின் மரைக்குக் குறுக்கே வாளால் நாலு வெட்டுப் போட்டால், வெட்டின் ஓரங்கள் பெயின்றைச் சுரண்டும், சுரண்டியது வெட்டுக்குள் சேரும். புது மரை வெட்ட இது உதவாது, கெட்டுப்போன மரையைத் திருத்தவும் உதவாது.

நானாவின் பெட்டியில் பழைய கப் இரண்டு கிடந்தன. கையில் வந்த முதலாவதை எடுத்து வெட்டத் தொடங்கியிருப்பேன். நானா வாங்கி, மற்றதன் மரையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் சில பல் பொருந்தியது, பிறகு பொருந்தவில்லை. நான் எடுத்தது பழைய ரலி சைக்கிளின் கப். ரலி தன் சைக்கிள்களுக்கு வெகுகாலம் அங்குலத்துக்கு 26 மரை என்று தனி அளவு வைத்திருந்தது. தாத்தா காலத்து ரலி இன்னும் இந்த ஊரில் ஓடுவதால் அந்த உதிரிப் பாகங்களும் எல்லாப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதைத் திருகியிருந்தால் சேரின் புது பிறேமின் மரையை நானே அழித்திருப்பேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இரண்டாவது கப்பை வெட்டி, வெட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்றுப் பின்னே என்று ஓட்டினேன். பச்சைச் சுருள் சுருளாக வந்தது. முடிந்த பிறகு புதுக் கப் விரலாலேயே கடைசி மரை வரை போனது. குழாயின் முகத்தை மட்டும் செதுக்கவில்லை. சேரின் பி.பி. பேரிங் உள்ளே அடைத்த வகை, முகம் அரை மில்லிமீற்றர் சாய்ந்தாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பெயின்றைச் சுரண்டியதோடு நிறுத்தினேன். பேரிங் வெளியே உட்காரும் புது வகை என்றால் அந்த முகமும் கட்டாயம் சமாந்தரமாக இருக்க வேண்டும். இரும்பை வெட்டி எடுத்தால் திருப்பி ஒட்ட முடியாது, தேவை இல்லாத இடத்தில் கருவி வைக்காமலிருப்பதும் வேலையில் சேர்த்திதான்.

சீற் ரியூபுக்கு முச்சக்கர வண்டி கராஜிலிருந்து பிரேக் சிலிண்டர் தேய்க்கும் மூன்று கால் ஹோனை இரவல் வாங்கினேன். 27.2 மில்லிமீற்றர் சீற் தண்டு ஆறு சென்ரிமீற்றரில் நின்றது. பற்றவைப்புக்கு நேரே உள்ளே ஒரு மேடு. எண்ணெய் விட்டு மெதுவான டிரில்லில் ஹோனை மேலும் கீழும் ஓட்ட, கால் மணி நேரத்தில் வழி விட்டது. குழாயின் மேல் வாயில் உள்ள பிளவின் ஓரத்தில் இருந்த பிசிறை அரத்தால் எடுத்தேன். தண்ணீர்ப் போத்தல் மரைகளுக்கு 5 மில்லிமீற்றர் ரப், நாலு துளை, பத்து நிமிடம்.

உள்ளே பூசுவது

சேரின் பழைய பிறேம் வெளியிலிருந்து துருப்பிடித்துச் சாகவில்லை. கடற்கரை றோட்டில் ஓடும் சைக்கிளுக்குள் உப்பு ஈரம் சீற் தண்டு வழியாகவும், பற்றவைப்பு ஓட்டைகள் வழியாகவும் இறங்கும், இறங்கியது பி.பி. அருகே தேங்கும். புது பிறேமின் உட்பக்கம் வெறும் இரும்பு. உள்ளே பூசுவதற்கென்று விற்கும் மெழுகுத் தெளிப்பு இங்கே கிடைக்கவில்லை. தச்சர்கள் வாங்கும் காய்ச்சிய லின்சீட் எண்ணெய் ஹார்ட்வெயாரில் கிடைத்தது. பழைய பிறேம் கட்டுநர்கள் பாவித்ததும் அதுதான்.

"தேங்காய் எண்ணெய் விட்டா என்ன?" என்று சேர் கேட்டார். தேங்காய் எண்ணெய் காயாது. பிசுபிசுத்தபடி கிடந்து தூசியைப் பிடிக்கும், கொஞ்ச நாளில் வழிந்தும் போகும். லின்சீட் காற்றோடு சேர்ந்து இறுகிப் படலமாகிவிடும். வெட்டும் தேய்க்கும் வேலை முழுவதும் முடிந்த பிறகே அதை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஊற்றி, பிறேமைத் தலைகீழாக, பக்கவாட்டாக எல்லாம் திருப்பி, மிச்சத்தை வடித்து, மூன்று நாள் நிழலில் தொங்கவிட்டேன். மாரி தொடங்கியிருந்தால் இன்னும் நாள் எடுத்திருக்கும். மரைகளிலும் சீற் ரியூபின் மேல் பகுதியிலும் பட்ட எண்ணெயைக் காய முன்னரே துடைத்தேன். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. லின்சீட் காயும்போது சூடு பிறக்கும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்தேன். தகரக் கொட்டிலில் வேலை செய்பவன் இதில் விளையாட முடியாது.

தேய்த்ததில் பெயின்ற் போன ஓரங்களுக்குத் தூரிகையால் ஒரு பூச்சு. பூட்டும்போது எல்லா மரைக்கும், சீற் தண்டுக்கும், கோப்பை உட்காரும் இடங்களுக்கும் வள்ளத்து எஞ்சினுக்கு வாங்குகிற, தண்ணீர் தாங்கும் கிறீஸ். அலுமினியத் தண்டு இரும்புக் குழாய்க்குள் உப்பு ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். "சேர், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சீற்றைக் கழற்றிப் புதுக் கிறீஸ் போடுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். பூட்டுவதற்கு, நான் முதலில் சொன்னபடியே, அரை நாள்தான் எடுத்தது.

மாசியில் பார்த்தது

வாடைக் காற்றும் மழையும் முழுதாக அடித்து ஓய்ந்த பிறகு பெப்ரவரியில் சைக்கிளைத் திரும்பவும் கழற்றிப் பார்த்தேன். ஹாண்டில் இந்தப் பக்கம் கடைசிவரை, அந்தப் பக்கம் கடைசிவரை, ஒரே சீராகப் போனது. கீழ் வளையத்தில் தடம் இல்லை. பி.பி. கப்பைக் கழற்றியபோது மரையில் கிறீஸ் அப்படியே இருந்தது; குழாயின் உள்ளே லைற் அடித்துப் பார்த்தால் தேன் நிறத்தில் லின்சீட் படலம். நடுக் கியர்களை அந்த நாலு மாதத்தில் சேர் ஒரு தரம்கூடத் திருகவில்லையாம். சீற் தண்டு கையால் இழுக்க வந்தது. கிறீஸ் மட்டும் நான் போட்டதேதான், சேர் ஒரு தரமும் கழற்றவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்.

ஒரு குறை என்னுடையது. சீற் ரியூபில் இருந்த போத்தல் துளை இரண்டையும் சேர் பாவிக்கவில்லை, நானும் போல்ட் போட்டு அடைக்கவில்லை. அந்தத் துளைகளின் கீழே செம்மண் கோடு போலத் துரு வடிந்திருந்தது. மழைத் தண்ணீர் நேரே உள்ளே போயிருக்கிறது. துருவைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, கிறீஸ் பூசிய இரண்டு சிறு போல்ட்டுகளால் மூடினேன்.

நானாவின் தண்டு இப்போது என் கொட்டில் சுவரில் தொங்குகிறது. சேர் தன் மகளுக்கு ஒரு பிறேம் வாங்கப்போகிறாராம். பார்சல் வந்தால் பெட்டியைத் திறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.